கூடி மீண்டவர்களின் வரலாறு



யூபிலி மலர் என்றால் அதில் கோவில் எழும்பிய வரலாறு இருக்கும். பணியாற்றிய குருக்கள், கன்னியர் பெயர்கள் இருக்கும். மணி வந்த ஆண்டு, கெபி கட்டிய ஆண்டு, நன்கொடை தந்தோர் பட்டியல் ஆகியவையும் இருக்கும். இவை யாவும் போற்றிக் காக்க வேண்டியவையே. ஆனால் எந்த மலரிலும் எழுதப்படாத வரலாறு ஒன்று எல்லாப் பங்குகளிலும் உண்டு. அது குடியினால் குலைந்த வீடுகளின் வரலாறு. அடகுக் கடைக்குப் போன தாலிச் சங்கிலியும், பாதியில் நின்ற படிப்பும், இள வயதிலேயே கல்லறைத் தோட்டத்துக்குப் போன தகப்பன்மாரும் அந்த வரலாற்றில் அடங்குவர். விழா நாளில் இதையெல்லாம் பேசலாமா என்று சிலர் கேட்கலாம். யூபிலி என்ற சொல்லுக்கே விடுதலை ஆண்டு என்பதுதானே பொருள்? கட்டுண்டவர் விடுபடும் வழியைப் பேச இதைவிடப் பொருத்தமான தருணம் வேறில்லை.

நம் கப்பலூர் மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். தியாகராசர் ஆலையும், சிட்கோ தொழிற்பேட்டையும், சுங்கச் சாவடியும் இருப்பதால் இரவு பகல் என்றில்லாமல் ஆள் நடமாட்டம் உள்ள இடம். ஷிப்டு முடிந்து களைத்து வருபவருக்கும், லாரியை ஓரங்கட்டிவிட்டுக் கண்ணயர நினைப்பவருக்கும், சனிக்கிழமை கூலி வாங்கியவருக்கும் பாட்டில் எளிதில் கைக்கு எட்டிவிடுகிறது. அதை விட்டு வெளியேறும் வழி மட்டும் எட்டுவதில்லை. அப்படி ஒரு வழி உலகில் எவ்வாறு பிறந்தது, நம் நாட்டுக்கு எப்படி வந்தது, இன்று அதை எங்கே தேடுவது என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

சட்டத்தின் பாதை

குடியின் தீமையைத் தமிழருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் உள்ளது. 1921-ம் ஆண்டில் காந்தியடிகளின் அழைப்பை ஏற்று ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மையாரும் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தினர். 1937-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, சென்னை மாகாணப் பிரதமராக இருந்த இராஜாஜி, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் அரசுக்கு ஏற்பட்ட வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. 1948-ல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது.

இருபத்து மூன்று ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. 1971-ல் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டுக் கடைகள் திறக்கப்பட்டன. 1974-ல் மூடப்பட்டன. 1981-ல் கள்ளும் சாராயமும் திரும்ப அனுமதிக்கப்பட்டன. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனைக்கென்று தொடங்கப்பட்டது. 1987-ல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 1990-ல் மலிவு விலை மது வந்து, 1991-ல் ஒழிந்தது. 2003-ம் ஆண்டு நவம்பர் மாதம் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் நிறுவனமே ஏற்றுக்கொண்டது. பின்னர் 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 500 கடைகள் மூடப்பட்டன.

நெடுஞ்சாலையோரம் வாழும் நமக்கு 2017-ம் ஆண்டு நன்றாக நினைவிருக்கும். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்ததையடுத்து, 2017 ஏப்ரலில் தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவற்றில் பலவற்றை ஊருக்குள் திறக்க முயன்றபோது, மாநிலமெங்கும் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

இவ்வளவையும் வரிசைப்படுத்துவது எந்த ஆட்சியையும் புகழவோ பழிக்கவோ அன்று. கடை குறைந்தால் புதிதாகக் குடிக்கப் பழகுவோர் குறைவர். அதில் ஐயமில்லை. ஆனால் ஏற்கனவே குடிநோய்க்கு ஆளானவனின் நிலை வேறு. கடை திறந்திருந்தால் அங்கே போகிறான். மூடியிருந்தால் கள்ளச் சாராயத்தைத் தேடிப் போகிறான். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாடே கண்டது. கடையை மூடச் சட்டத்தால் முடியும். குடிப்பவனின் உள்ளே திறந்து கிடக்கும் கடையை மூட அதனால் முடியாது. அதற்கு வேறொரு பாதை வேண்டியிருந்தது.

சத்தியத்தின் பாதை

அயர்லாந்து நாட்டின் கார்க் நகரில் கப்புச்சின் சபையைச் சேர்ந்த தியோபால்டு மேத்யூ அடிகளார் இருந்தார். 1838-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி அவர் முழு மதுவிலக்குச் சங்கத்தைத் தொடங்கி, தாமே முதல் கையெழுத்திட்டார். சில ஆண்டுகளுக்குள் இலட்சக்கணக்கான மக்கள் அவர் முன் முழந்தாளிட்டு, இனிக் குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். ஆனால் 1845-ல் தொடங்கிய கொடும் பஞ்சத்திலும், அவர் காலத்துக்குப் பின்னரும், அந்த இயக்கம் மெலிந்தது. வாக்குக் கொடுத்தவனுக்கு மறுநாள் காலையில் பக்கத்தில் நிற்க ஆளில்லை.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1840-ல் குடிகாரர் அறுவர் ஒரு மதுக்கடையிலேயே கூடிப் பேசி, குடியை விட்டனர். தம்மைப் போன்றோரை அழைத்து வந்து, தம் கதையைத் தாமே சொல்லும் வழக்கத்தை அவர்கள் தொடங்கினார்கள். வாஷிங்டன் பெயரால் அமைந்த அந்தச் சங்கம் வேகமாக வளர்ந்தது. பிறகு அரசியல் விவாதங்களில் சிக்கிச் சில ஆண்டுகளிலேயே சிதறிப் போனது. பின்னால் வந்தவர்கள் இந்தத் தோல்வியிலிருந்து பெரிய பாடம் படித்தார்கள்.

டப்ளின் நகரத் தொழிலாளி மாத் டால்பட் நம் ஆலைத் தொழிலாளருக்கு நெருக்கமானவர். 1856-ல் பிறந்த அவர், பன்னிரண்டு வயதிலேயே மது வியாபாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து குடிக்கப் பழகிவிட்டார். சம்பளம் முழுவதும் மதுக்கடைக்கே போனது. 1884-ல் ஒரு நாள், கையில் காசில்லாமல் கடை வாசலில் நின்றபோது, கூடக் குடித்தவர்கள் எவரும் வாங்கித் தரவில்லை. அன்றே குருமடத்துக்குச் சென்று, குருவிடம் மூன்று மாதத்துக்கு மட்டும் வாக்குக் கொடுத்தார். மூன்று மாதம் முடிந்ததும் அதைப் புதுப்பித்தார். இப்படியே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குடியின்றி வாழ்ந்து, 1925 ஜூன் 7-ந் தேதி திருப்பலிக்குப் போகும் வழியில் தெருவிலேயே உயிர் நீத்தார். 1975-ல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

நம் ஊரிலும் இத்தகைய வாக்குகள் உண்டு. தவக்காலம் நாற்பது நாளும் தொடாமலிருப்பவர், வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகும்வரை விட்டிருப்பவர், மாலை போட்டதால் நிறுத்தியிருக்கும் அண்டை வீட்டார் எனப் பலரை அறிவோம். இவர்களுடைய உறுதியை யாரும் எள்ளிவிடக் கூடாது. நாற்பது நாள் இருக்க முடிகிறது என்பதே பெரிய சாட்சி. ஆனால் உயிர்ப்பு ஞாயிறன்று மாலையே பழையபடி தொடங்கி விடுவதையும் காண்கிறோம். வாக்குக்கு ஒரு கடைசி நாள் இருந்தது. அந்த நாளை எண்ணிக்கொண்டே காத்திருந்தான். நாற்பத்தோராம் நாள் அவன் எங்கே போவது, யாரோடு பேசுவது என்ற கேள்விக்கு விடையில்லை.

கோவிலுக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு

அந்த விடை 1935-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் கிடைத்தது. நியூயார்க்கைச் சேர்ந்த பங்கு வணிகத் தரகர் பில் வில்சன் என்பவர் குடியினால் தொழிலையும் உடல்நலத்தையும் இழந்து, மருத்துவமனையில் பலமுறை கிடந்து, குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தொழில் விஷயமாக ஆக்ரன் வந்தவருக்குக் காரியம் கைகூடவில்லை. 1935 மே மாதம் ஒரு சனிக்கிழமை, கையில் காசில்லாமல், தெரிந்தவர் யாருமில்லாமல், தங்கியிருந்த ஓட்டலின் முன்கூடத்தில் நின்றார். ஒரு புறம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி. மறுபுறம் தொலைபேசியும், அதனருகே நகரத்துக் கோவில்களின் பெயர்ப் பட்டியலும்.

இன்னொரு குடிகாரனிடம் பேசினால்தான் தான் பிழைப்போம் என்று அவருக்குத் தோன்றியது. பட்டியலைப் பார்த்துக் கோவில் ஒன்றுக்குத் தொலைபேசி செய்தார். மறுமுனையில் பேசியவர் வால்ட்டர் டங்ஸ் என்ற ஆங்கிலிக்கன் வழிச் சபைக் குரு. குடிகாரர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்ற விசித்திரமான வேண்டுகோளைக் கேட்டு அவர் தொலைபேசியை வைத்துவிடவில்லை. உதவக்கூடிய சிலரின் பெயர்களைச் சொன்னார். அந்தப் பெயர்களின் வழியாகத் தொடர்ந்து விசாரித்ததில், டாக்டர் பாப் சுமித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவரின் வீடு வரை வழி கிடைத்தது. அவரும் குடியினால் தொழிலை இழக்கும் நிலையில் இருந்தவர்.

மறுநாள் ஞாயிறு, மே 12, அன்னையர் தினம். மாலை 5 மணிக்கு இருவரும் சந்தித்தனர். பதினைந்து நிமிடம் மட்டும் இருப்பேன் என்று சொல்லி வந்த மருத்துவர், இரவு 11 மணிக்கு மேல்தான் எழுந்தார். இதுவரை அறிவுரை சொன்னவர்கள் எல்லாரும் மேலே நின்று பேசினார்கள். இவரோ அதே குழியில் கிடந்து எழுந்தவர். அதனால் மருத்துவர் காது கொடுத்தார். ஒருமுறை வழுக்கி விழுந்த பின், 1935 ஜூன் 10-ந் தேதி டாக்டர் பாப் கடைசியாக மது அருந்தினார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளர் கழகம், அந்த நாளையே தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. உலகம் இன்று அதை ஏ.ஏ. என்று அழைக்கிறது.

பெருமக்களே, இந்த வரலாற்றில் நமக்குரிய செய்தி ஒன்று உண்டு. இந்தப் பெரிய இயக்கம் பிறக்கக் காரணமான முதல் அழைப்பு ஒரு கோவிலுக்கு வந்தது. எடுத்தவர் சரியான பதில் சொன்னார். அப்படி ஓர் அழைப்பு நம் பங்கு இல்லத்துக்கு வந்தால், எடுப்பவர் என்ன பதில் சொல்வார்?

மலர் அறையில் ஒரு கட்டில்

நம் திருச்சபைக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. ஆக்ரன் நகர் புனித தோமையார் மருத்துவமனையில், புனித அகுஸ்தீனாரின் பிறரன்புச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த சகோதரி இஞ்ஞாசியா நோயாளிகளைச் சேர்க்கும் அலுவலில் இருந்தார். அக்காலத்தில் குடிகாரரை மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்வதில்லை. 1939 ஆகஸ்டில் டாக்டர் பாப் வந்து கேட்டபோது, வயிற்று அழற்சி என்று எழுதி ஒரு நோயாளியை அச்சகோதரி சேர்த்துக்கொண்டார். மற்றவர் கண்ணில் படாத இடம் வேண்டும் என்றதும், நோயாளிகளுக்கு வரும் மலர்களை ஒழுங்குபடுத்தும் சிற்றறையில் கட்டிலைப் போட்டார். அந்த மலர் அறையில் தொடங்கிய பணியில், 1950-ல் டாக்டர் பாப் இறக்கும் வரை ஏறத்தாழ 5000 குடிநோயாளர்கள் பராமரிக்கப்பட்டார்கள்.

குணமாகி வீடு திரும்புவோர் கையில் சகோதரி இஞ்ஞாசியா இயேசுவின் திரு இருதயச் சுரூபம் பொறித்த சிறு அடையாளம் ஒன்றைக் கொடுப்பார். திரும்பக் குடிக்க நினைத்தால், குடிக்குமுன் இதை என்னிடம் கொண்டுவந்து தந்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. கோப்பைக்கும் கைக்கும் நடுவே ஒரு மனிதரை நிறுத்துவதே அதன் கருத்து.

1940-ன் இறுதியில், குளிர்மழை பெய்த ஓர் இரவில், மூட்டு வாதத்தால் கோலூன்றி நடந்த இயேசு சபைக் குரு எட்வர்டு டௌலிங் அடிகளார், நியூயார்க்கில் பில் வில்சனைத் தேடி வந்தார். ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு வந்தவர் அவர். தம்மிடம் குடிப்பழக்கம் இல்லாதபோதும், 1960-ல் இறக்கும் வரை பில் வில்சனுக்கு ஆன்ம நண்பராக விளங்கினார். எனினும் ஏ.ஏ. எந்தச் சமயத்துக்கும் உரியதன்று. அவரவர் உணர்ந்த இறைவனை அவரவர் பற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் நெறி. இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவச் சகோதரர்கள் ஒரே பலகையில் அமர அதுவே இடம் தருகிறது.

இந்தியாவுக்கு வந்த விதம்

1951-ல் பில் வில்சனின் மனைவி லோயிஸ் அம்மையார், குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் அமைப்பைத் தோழி ஒருவருடன் சேர்ந்து நிறுவினார். 1956-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடியடிமைத்தனத்தை நோய் என்று ஏற்றுக்கொண்டது. அக்காலத்தில்தான் இந்தியாவிலும் விதை விழுந்தது. டில்லியில் இருந்த வெளிநாட்டு உறுப்பினர் சிலர் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்துத் தம்மைப் போன்றோரைத் தேடினார்கள். 1957-ல் பம்பாயில் ஏ.ஏ. வேர் பிடித்தது. அங்கிருந்து ஊர் ஊராகப் பரவி, இன்று தமிழகத்தின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. நம் மதுரையிலும் நடக்கின்றன.

மருத்துவத் துறையில் வழி காட்டியவர் சென்னையைச் சேர்ந்த திருமதி சாந்தி ரங்கநாதன். குடிநோயால் கணவரை இளவயதிலேயே பறிகொடுத்த அவர், துயரத்தில் முடங்கிவிடாமல் 1980-ல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். டி.டி.கே. மருத்துவமனை என்று பலரும் அறிந்தது இதுவே. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த அறக்கட்டளை 1989-ல் மஞ்சக்குடி கிராமத்தில் தொடங்கிய முகாம் நமக்குப் பெரிய பாடம். நோயாளியை நகரத்துக்கு அழைக்காமல், மருத்துவக் குழுவே கிராமத்துக்குப் போனது. ஊரில் கிடைத்த கட்டடத்தில் பதினைந்து நாள் தங்கவைத்துச் சிகிச்சை தந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஆளை அழைத்து வந்தார்கள். முகாம் முடிந்த பிறகும் கண்காணித்தார்கள். ஊரே துணை நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு மஞ்சக்குடி ஒரு சான்று.

கூட்டத்தில் நடப்பது என்ன?

அங்கே போனால் என்ன செய்வார்களோ என்ற அச்சமே பலரை வாசலில் நிறுத்திவிடுகிறது. உண்மையில் நடப்பது மிக எளிது. ஓர் அறையில் சில நாற்காலிகள் கிடக்கும். பல இடங்களில் தேநீரும் இருக்கும். ஒருவர் தம் பெயரை மட்டும் சொல்லி, தாம் குடிநோயாளி என்று அறிமுகம் செய்துகொள்வார். எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று தம் கதையைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். பிறகு அடுத்தவர் பேசுவார். பேச விரும்பாதவர் பேசாமலே இருக்கலாம். ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கட்டணம் இல்லை, சந்தா இல்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேருவதற்குத் தகுதி. செலவுக்கு உறுப்பினர்களே இயன்றதைப் போடுவார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. ஊர், சாதி, உத்தியோகம் எதையும் கேட்பதில்லை. அங்கே கேட்டது அங்கேயே நிற்கும். அரசியலிலும், மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்திலும் ஏ.ஏ. தலையிடாது. அன்று பால்டிமோர் சங்கம் சிதறியதிலிருந்து கற்ற பாடம் இது.

வாழ்நாள் முழுவதும் குடிக்க மாட்டேன் என்ற பெரிய சத்தியத்தை அங்கே கேட்பதில்லை. இன்று ஒரு நாள், இந்த இருபத்து நான்கு மணி நேரம் மட்டும் தொடாமலிருப்போம். நாளைக்கு நாளை பார்த்துக்கொள்வோம் என்பதே வழக்கம். மாத் டால்பட் மூன்று மாதமாகப் பகுத்துக்கொண்டதை இவர்கள் ஒரு நாளாகப் பகுத்துக்கொண்டார்கள். நாற்பத்தோராம் நாள் எங்கே போவது என்ற கேள்விக்கும் இங்கே விடை கிடைத்துவிடுகிறது. நேற்று போன அதே இடத்துக்குத்தான்.

இது வெறும் நம்பிக்கைப் பேச்சன்று. 2020-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து மதுவைத் தொடாமலிருப்பதில், ஏ.ஏ. கூட்டங்களோடு இணைக்கும் முறையான சிகிச்சை மற்றச் சிகிச்சை முறைகளைவிடக் கூடுதல் பலன் தருகிறது என்று அது கண்டது.

மருத்துவரை மறக்கலாகாது

இங்கே ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடல் தாங்காது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை முதலில் வரும். இரண்டு மூன்று நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம்; இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, புத்தி தடுமாறிப் பிதற்றலாம். இது பேய் பிடித்ததோ, செய்வினையோ அன்று. கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தான நோய்நிலை. ஆகையால் இத்தகையவர் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநல மருத்துவப் பிரிவை அணுகலாம்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலோ காப்பியிலோ கலந்து கொடுக்கும் பொடிகளையும் நம்பாதீர்கள். மதுவோடு சேர்ந்தால் கடும் விளைவு தரும் மருந்துகள் உண்டு. அவற்றை நோயாளியின் சம்மதத்தோடும் மருத்துவர் கண்காணிப்போடும் மட்டுமே கொடுக்க வேண்டும். தெரியாமல் கொடுத்தால் உயிரே போகலாம்.

கூட்டத்தைத் தேடுவது எப்படி?

கூட்டங்களின் இடமும் நேரமும் மாறக்கூடியவை என்பதால் அவற்றை இம்மலரில் அச்சிடவில்லை. தேடும் முறையைச் சொல்லிவைக்கிறோம். இந்திய ஏ.ஏ. அமைப்பின் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் உள்ளது. மதுரை வட்டாரத்துக் கூட்டங்கள் பற்றி அதன் வழியாக விசாரிக்கலாம். மைய அரசின் போதை மீட்புக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. மன உளைச்சலுக்கு ஆலோசனை தரும் எண் 14416. மருத்துவமனை மனநலப் பிரிவில் கேட்டாலும் அருகிலுள்ள கூட்டத்தைச் சொல்வார்கள்.

கூட்டங்கள் இரு வகைப்படும். திறந்த கூட்டத்துக்கு யாரும் போகலாம். மனைவி, தாய், அண்ணன், தம்பி உடன் வரலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோருக்கு மட்டும் உரியது. முதன்முறை போகிறவர், தொலைபேசியில் பேசிய உறுப்பினரையே, வாசலில் நின்று அழைத்துப் போகச் சொல்லலாம். மகிழ்ச்சியோடு வருவார், ஏனெனில் இன்னொருவருக்கு உதவுவதே அவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழி. முதல் கூட்டம் மனதுக்கு ஒட்டவில்லையென்றால் இன்னும் சில கூட்டங்களுக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. சொந்த ஊரில் கண்ணில் படக் கூச்சப்படுகிறவர் மதுரை நகரக் கூட்டத்துக்குப் போகட்டும். பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரந்தானே!

கணவர் வர மறுத்தால் மனைவி என்ன செய்வது? அவர் வரும்வரை அம்மா காத்திருக்க வேண்டியதில்லை. அல்-அனான் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டறிந்து அவர் மட்டும் போகலாம். கடனை அடைத்து மறைப்பது, வேலைக்கு வராததற்கு மேஸ்திரியிடம் பொய்க் காரணம் சொல்வது போன்றவை நோயை வளர்க்குமே தவிரத் தணிக்காது என்பதை அங்கே கற்றுக்கொள்வார். அடியும் உதையும் இருக்கும் வீட்டில் முதல் கடமை தாயும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போவதே. பொறுமை என்ற பெயரில் அங்கேயே கிடந்து அடிபட வேண்டும் என்று யாரும் சொல்லக்கூடாது. குடிநோய் ஆண்களுக்கு மட்டும் வருவதன்று. பெண்களுக்கும் வருகிறது; வெட்கத்தால் அவர்களே அதிகம் மறைந்து தவிக்கிறார்கள். அவர்களுக்கும் இதே கதவு திறந்திருக்கிறது.

யூபிலி ஆண்டில் நம் கடமை

உலகெங்கும் ஏ.ஏ. கூட்டங்கள் பல கோவில் வளாகங்களிலும் மறைக்கல்வி வகுப்பறைகளிலும் நடக்கின்றன. கோவில் அவற்றை நடத்துவதில்லை. வாடகை தந்தோ, இடம் இரவல் பெற்றோ உறுப்பினர்களே நடத்துகிறார்கள். நம்மிடம் கேட்கப்படுவதும் இவ்வளவே. வாரம் ஒரு மாலை ஒரு சிற்றறை. விளக்கு, மின்விசிறி, சில நாற்காலிகள். யார் வந்தார் யார் போனார் என்று எட்டிப் பார்க்காத நாகரிகம். அறையைக் கொடுத்துவிட்டு, வந்தவர் பெயரைத் தேநீர்க் கடையில் பேசினால் கொடுத்ததே வீணாகிவிடும்.

இரண்டாவதாக, அறிவிப்புப் பலகையில் அருகிலுள்ள கூட்டத்தின் விவரம் நிரந்தரமாக இருக்கட்டும். பூசை முடிந்து எல்லாரும் போன பின் தனியே நின்று அதைப் படிக்கிற ஒருவர் நிச்சயம் இருப்பார். பங்கு இல்லத்துத் தொலைபேசி அருகிலும் அதே விவரத்தை எழுதி வைக்கலாம்.

மூன்றாவதாக, அன்பியக் கூட்டங்களிலும் மறையுரைகளிலும் குடிகாரன் என்று ஏசுவதை விட்டு, நோயாளி என்று பேசப் பழகுவோம். நோய் என்று சொன்னால் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இடம் கொடுப்பதாகாதா என்று சிலர் கேட்பர். சர்க்கரை நோய் உள்ளவர்தாம் மருந்து உட்கொள்ளவும் பத்தியம் காக்கவும் கடமைப்பட்டவர். மற்றவர் அவரை எள்ளக் கூடாது, அவ்வளவே. குடிநோயிலும் இதே கணக்குதான்.

நான்காவதாக, மீண்டு வந்தவரைத் திருமண விருந்திலும் புதுமனை விழாவிலும், ஒரே ஒரு டம்ளர், விழா நாள்தானே என்று வற்புறுத்தாதீர்கள். அந்த ஒன்றுதான் அவரால் முடியாதது. அண்ணே, உங்களுக்கு மோர் எடுத்து வைத்திருக்கிறேன் என்று ஒரு தம்பி சொன்னால், அது நூறு அறிவுரைக்குச் சமம்.

மீட்சி எல்லாருக்கும் ஒரே முறையில் கிட்டுவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலர் முதல் கூட்டத்திலேயே நிலைத்துவிடுகிறார்கள். சிலர் விழுந்து, எழுந்து, திரும்ப விழுந்து, பிறகே நிலைக்கிறார்கள். டாக்டர் பாப் அவர்களே ஒருமுறை வழுக்கியவர்தாம். விழுந்தவன் திரும்பி வருகையில் நாற்காலி காலியாக இருக்க வேண்டும்; உட்கார்ந்திருப்பவர் முகம் சுளிக்காமலிருக்க வேண்டும். காயம்பட்டுக் கிடந்தவனைச் சமாரியன் சாவடியில் சேர்த்ததோடு நிற்கவில்லை. திரும்பி வந்து பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுத்தான் போனான்.

நம் முன்னோர் கல்லும் மண்ணும் சுமந்து எழுப்பிய இந்த ஆலயத்தின் கதவு, திருப்பலிக்கு வருவோருக்கு மட்டுமன்றி, கைநடுங்கி வெளியே நிற்கும் சகோதரருக்கும் திறந்ததே. அவருக்கு ஓர் அறையும், ஒரு தொலைபேசி எண்ணும், கூடப் போக ஓர் ஆளும் இவ்வாண்டில் கிடைக்குமாயின், அடுத்த யூபிலி மலரை எழுதுகிறவர்கள் நம்மை நன்றியோடு நினைப்பார்கள். எல்லாம் வல்ல இறைவன் நம் பங்குக் குடும்பங்கள் அனைத்தையும் ஆசீர்வதிப்பாராக!